மாதம் பிறந்தால் 'டிங்... டிங்...': சம்பளத்தைக் கடிக்கும் ஓ.டி.டி. சந்தா! எதை வைப்பது? எதை வெட்டுவது?

சென்னை,

காலை மணி 7. குமாஸ்தா காபி டம்ளரைக் கையில் எடுத்தார். சட்டைப் பையில் இருந்த செல்போன் "டிங்!" என்றது. கணக்கில் இருந்து பணம் எடுக்கப்பட்டதாக பாங்கியின் செய்தி.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இன்னொரு "டிங்!"

பெரம்பூரில் ஒரு சின்ன பிளாட்டில் குடியிருப்பவர் அவர். பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. ஊரார் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவர், தன் வீட்டுக் கணக்கில் விழுந்த ஓட்டையை மட்டும் கவனிக்கவில்லை.

மறுநாள் விழுந்தது இடி. வீட்டுக் கடன் தவணை திரும்பிவிட்டது. கணக்கில் சில நூறு ரூபாய் குறைந்துவிட்டதாம். அதற்கு அபராதம் வேறு!

எங்கே போனது பணம்? உட்கார்ந்து அலசினார். போன வருஷம் மகன் எடுத்துக் கொடுத்த ஓ.டி.டி. சந்தா ஒன்று, வருஷம் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொண்டு இருந்தது. அது போதாது என்று இன்னும் 3 கம்பெனிகள் மாதா மாதம் எடுத்துக்கொண்டிருந்தன.

பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. வீட்டுக்காரரே சாவியைக் கொடுத்து அனுப்பிய கதை இது. போலீசுக்குப் போகவும் வழி இல்லை.

ராத்திரி பஞ்சாயத்து

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"ஏங்க, நான் ஒண்ணே ஒண்ணுதான் பார்க்கறேன். அதுவும் ஞாயித்துக்கிழமைதான்" என்று முதலிலேயே கையைத் துடைத்துக்கொண்டார் மனைவி.

மகன் கல்லூரி மாணவன். "அப்பா, அது கிரிக்கெட்டுக்காக எடுத்தது. மேட்ச் முடிஞ்சதும் ஆப்பை அழிச்சிட்டேனே!" என்றான்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். செல்போனில் இருந்து ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. கடை போர்டைக் கழற்றிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? சந்தாவை ரத்து செய்வது தனி வேலை. அந்தந்த ஓ.டி.டி.யின் கணக்குப் பக்கத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். யு.பி.ஐ. மூலம் பணம் கட்டியவர்கள், யு.பி.ஐ. ஆப்பில் 'ஆட்டோபே' என்ற இடத்தைத் திறந்து பார்த்தால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற முழு ஜாதகமும் தெரிந்துவிடும்.

பெரம்பூர் வீட்டில் அதைத் திறந்து பார்த்தபோது இன்னொரு கூத்தும் வெளியே வந்தது. அந்த 4 கம்பெனிகளில் ஒன்று, அவர்கள் ஏற்கனவே வைத்திருக்கும் பிராட்பேண்டு கட்டணத்திலேயே அடக்கம். ஒரே சரக்குக்கு இரண்டு விலை கொடுத்து வந்திருக்கிறார்கள்!

கடைசியாக வாயைத் திறந்தார் பாட்டி. "எனக்கு எதுக்குடா இதெல்லாம்? நான் பார்க்கற சீரியல் கேபிள்லயே வருதே."

பாட்டியின் சீரியலுக்காக என்று சொல்லித்தான் அதில் ஒரு சந்தா எடுக்கப்பட்டு இருந்தது.

முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

சொல்ல வேண்டும். ரிசர்வ் பாங்கியின் விதி அது. தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடுகளுக்கு 2021 அக்டோபர் 1 முதல் கட்டுப்பாடு வந்தது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். வேண்டாம் என்றால் அப்போதே நிறுத்தலாம்.

குமாஸ்தாவின் செல்போனிலும் அந்தத் தகவல் இருந்தது. மாவு மில் விளம்பரத்துக்கும் நகைக்கடை தள்ளுபடிக்கும் நடுவே படிக்கப்படாமல் கிடந்தது.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தா அனுமதியை முதல் முறை கொடுக்கும்போதுதான் ரகசிய எண் கேட்பார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ரூ.15 ஆயிரம் வரை எண் கேட்காமலே எடுக்கலாம் என்று 2022-ல் வரம்பு உயர்த்தப்பட்டது. ஓ.டி.டி. சந்தா எதுவும் அந்த வரம்பைத் தொடப் போவதில்லை. அதனால் 'ரகசிய எண் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

சேருவதற்கு ஒரே பொத்தான், விலகுவதற்கு மட்டும் ஒன்பது வாசல் என்று வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. இதற்கு 'சந்தாப் பொறி' என்றே பெயர். நுகர்வோரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று பட்டியல் போட்டது. அதில் இதுவும் ஒன்று. 'இலவசமாகப் பாருங்கள்' என்று அழைத்துவிட்டு, முதலிலேயே கார்டு எண்ணையும் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையும் கட்டாயமாகக் கேட்பதும் அந்தப் பொறிதான். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

எந்தக் கடையில் எந்தச் சரக்கு?

ஒரே கடையில் எல்லாச் சரக்கும் கிடைக்காது. பிரச்சினையின் வேரே அதுதான். ஆனால் எங்கே எது கிடைக்கும் என்பதற்கு ஒரு துப்பு உண்டு. முதலாளி யார் என்று பார்த்தால் போதும்.

சன் டி.வி. சீரியலும் அந்தக் குழுமத்தின் படங்களும் வேண்டும் என்றால் சன் நெக்ஸ்ட். 2017-ல் வந்தது. விஜய் டி.வி. நிகழ்ச்சிகள், பிக்பாஸ், கிரிக்கெட் என்றால் ஜியோ ஹாட்ஸ்டார். ஜியோ சினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி 2025 பிப்ரவரி 14 அன்று அந்தப் பெயரில் கடை திறந்தது. ஜீ தமிழ் தொடர்களுக்கு ஜீ5. தமிழ்ப் புத்தாண்டு அன்று, 2022-ல், தமிழுக்கு வந்தது ஆஹா.

சீரியல் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இதில் எதுவுமே தேவை இல்லை. அன்றைய எபிசோடைத் தவறவிட்டவர்கள்தான் ஓ.டி.டி. பக்கம் போக வேண்டும். பாட்டி ஒரு நாளும் தவறவிட்டதில்லை!

புதுப் படம் பார்க்கிறவர்களுக்குத்தான் தலைவலி. ஒரு படம் நெட்பிளிக்சில், அடுத்தது அமேசான் பிரைமில், அதற்கு அடுத்தது ஹாட்ஸ்டாரில். 'ஜெயிலர்', 'கூலி' இரண்டும் பிரைம். 'லியோ', 'மகாராஜா', 'அமரன்', 'டிராகன்' எல்லாம் நெட்பிளிக்ஸ். 'டூரிஸ்ட் பேமிலி' ஜியோ ஹாட்ஸ்டார்.

இதற்கும் ஒரு வழி உண்டு. தியேட்டரில் படம் ஆரம்பிக்கும்போது டைட்டிலில் ஓ.டி.டி. பங்குதாரர் பெயரை பெரும்பாலும் போட்டுவிடுகிறார்கள். பாப்கார்ன் வாங்கப் போகாமல் அதைக் கவனித்தால், படம் அடுத்து எந்த வீட்டுக்குக் குடிபோகும் என்பது தெரிந்துவிடும்.

28 நாள் கணக்கு

எப்போது வரும்? அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

'ஜெயிலர்' 2023 ஆகஸ்டு 10-ல் தியேட்டருக்கு வந்தது. செப்டம்பர் 7-ல் பிரைமுக்கு வந்தது. 28 நாள். 'மகாராஜா' 2024 ஜூன் 14, ஜூலை 12. அதுவும் 28 நாள். 'டிராகன்' 2025 பிப்ரவரி 21, மார்ச் 21. 28 நாள். 'கூலி' 2025 ஆகஸ்டு 14, செப்டம்பர் 11. மறுபடியும் 28!

'அமரன்' மட்டும் ஓட்டம் பலமாக இருந்ததால் 5 வாரம் எடுத்துக்கொண்டது.

இந்த 4 வாரம் போதாது, 8 வாரம் வேண்டும் என்பது தியேட்டர்காரர்களின் கோரிக்கை. அவர்களுக்கு ஓ.டி.டி. மேல் உள்ள கோபம் பழையது. 2020 மே மாதம் ஊரடங்கில் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தபோது 'பொன்மகள் வந்தாள்' நேராகப் பிரைமில் வெளியானது. அந்தத் தயாரிப்பாளரின் படங்களையே திரையிட மாட்டோம் என்று அப்போது தியேட்டர் சங்கத்தினர் கொடி பிடித்தார்கள். அதே நவம்பரில் 'சூரரைப் போற்று', மறு வருஷம் 'சார்பட்டா பரம்பரை', 'ஜெய் பீம்' என்று வீட்டுக் கூடமே தியேட்டர் ஆகிவிட்டது.

ஆக, படம் தியேட்டருக்கு வந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, 4 வாரம் கழித்து அந்த ஒரு ஓ.டி.டி.க்கு மட்டும் ஒரு மாதம் பணம் கட்டினால் போதும். வருஷம் முழுக்க வாடகை கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டி வைக்க வேண்டியது இல்லை.

ரூ.9,085-ம் ரூ.1,495-ம்

குமாஸ்தா அல்லவா? பேப்பரையும் பேனாவையும் எடுத்துக் கணக்குப் போட்டார்.

2025 கட்டணப்படி நெட்பிளிக்ஸ் நான்கு விலையில் கிடைத்தது. செல்போனில் மட்டும் பார்க்க மாதம் ரூ.149. டி.வி.யிலும் பார்க்க ரூ.199. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்க ரூ.499. நான்கு பேர் பார்க்கவும், 4-கே என்ற அதிகத் துல்லியத்துக்கும் ரூ.649.

பிரைம் ஆண்டுக்கு ரூ.1,499. அதில் 2025 ஜூன் 17 முதல் படத்துக்கு நடுவே விளம்பரம் நுழைந்துவிட்டது. விளம்பரம் வேண்டாம் என்றால் மேலும் ரூ.699. ஜியோ ஹாட்ஸ்டார் 2025-ல் கடை திறந்தபோது, 'சூப்பர்' சந்தா ஆண்டுக்கு ரூ.899.

நெட்பிளிக்ஸ் ரூ.499 சந்தாவை 12 மாதம் கட்டினால் ரூ.5,988. பிரைம் விளம்பரம் இல்லாமல் ரூ.2,198. ஹாட்ஸ்டார் ரூ.899. மொத்தம் ரூ.9,085! சின்ன கம்பெனிகளை இதில் சேர்க்கவே இல்லை.

அடுத்த பக்கத்தில் இன்னொரு கணக்கு. 3 மாதம் நெட்பிளிக்ஸ், ரூ.199 வீதம் ரூ.597. அதை நிறுத்திவிட்டு 3 மாதம் பிரைம், ரூ.599. அதையும் நிறுத்திவிட்டு 3 மாதம் ஹாட்ஸ்டார், ரூ.299. மொத்தம் ரூ.1,495. மூன்று கடைச் சரக்கும் வந்துவிடும். மீதி 3 மாதம்? மகள் 10-ம் வகுப்பு. பரீட்சைக் காலம். எதுவும் வேண்டாம்!

"விட்டுட்டு விட்டுட்டுக் கட்டினா கோச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார் மனைவி.

மாட்டார்கள். எந்த மாதம் வேண்டுமானாலும் நிறுத்தலாம், மறுபடி சேரலாம். நெட்பிளிக்சில் இன்றைக்கே ரத்து செய்தாலும், பணம் கட்டிய மாதம் முடியும் வரை பார்க்கலாம். அதனால் சேர்ந்த அன்றே ரத்து செய்துவிட்டு நிம்மதியாக ஒரு மாதம் பார்க்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இந்த விலை எதையும் கல்வெட்டு என்று நினைக்கக்கூடாது. பிரைம் 2016-ல் அறிமுக விலையாக ஆண்டுக்கு ரூ.499 என்று வந்தது. அடுத்து ரூ.999. 2021 டிசம்பரில் ரூ.1,499. ஐந்தே வருஷத்தில் மூன்று மடங்கு! அதே டிசம்பரில் நெட்பிளிக்ஸ் ரூ.499-ஆக இருந்த சந்தாவை ரூ.199-ஆகக் குறைத்தது. ஒருவர் ஏற்ற, ஒருவர் இறக்க. கட்டுவதற்கு முன்பு அன்றைய விலையைப் பார்ப்பது கட்டாயம்.

ஹாலில் 32 அங்குல டி.வி. வைத்திருப்பவர்கள் 4-கே சந்தா எடுப்பது வீண். அந்த அளவு டி.வி. பெரும்பாலும் 'எச்.டி. ரெடி' ரகம். அதிகக் காசு கொடுத்தாலும் அதில் அதிகமாக ஒன்றும் தெரியாது. பழைய டி.வி.யைத் தூக்கி எறியவும் தேவை இல்லை. எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் ரிச்சி தெருவில் ஒரு 'ஸ்டிக்' வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

மின்சார ரெயிலில் போகிறவர்கள்

தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை தினமும் போய் வருகிறவர்களுக்கு செல்போன் சந்தாவே போதும். ஆனால் ரெயிலில் நேரடியாகப் பார்த்தால் 'டேட்டா' கரைந்துவிடும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜி.பி. உயர்ந்த தரத்தில் 3 ஜி.பி. வரை போகும். தினம் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டவருக்குக் கிளைமாக்சுக்கு முன்பே படம் நின்றுவிடும். ராத்திரி வீட்டு வை-பையில் இறக்கி வைத்துக்கொண்டு காலையில் பார்த்தால் செலவு இல்லை.

சித்தப்பா வீட்டு பாஸ்வேர்டு

ஒரு வீட்டில் பணம் கட்டி நாலு வீட்டில் பார்த்த காலமும் போய்விட்டது. ஒரு வீட்டுக்காரர்கள் மட்டுமே ஒரு கணக்கைப் பயன்படுத்தலாம் என்று 2023 ஜூலையில் நெட்பிளிக்ஸ் இந்தியாவிலும் கதவைச் சாத்தியது. பிரைமில் 2025 ஜனவரி முதல் ஒரு கணக்குக்கு 5 கருவிகள்தான், அதில் டி.வி. இரண்டுக்கு மேல் கூடாது. அண்ணா நகர் சித்தப்பாவின் பாஸ்வேர்டை நம்பி இருந்த குடும்பங்கள் இப்போது சொந்தக் காசில் நிற்கின்றன.

பிரைமில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சந்தா கட்டிய பிறகும் சில படங்களுக்குத் தனியாகக் காசு கேட்கும். அது வாடகைப் பகுதி. பணம் கட்டிய 30 நாளுக்குள் படத்தைத் தொடங்க வேண்டும். தொடங்கினால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 1980-களில் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடிய நாலு படம் பார்த்தவர்களுக்கு இது புதிது இல்லை. அப்போதும் காலையில் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்!

சந்தா கட்டினாலும் படம் நம்முடையது ஆகிவிடாது. 'அன்னபூரணி' 2023 டிசம்பர் கடைசியில் நெட்பிளிக்சுக்கு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே எடுத்துவிட்டார்கள். 'குட் பேட் அக்லி'யில் இளையராஜாவின் பாடல்கள் பயன்பட்டது தொடர்பான வழக்கில் 2025 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது. நெட்பிளிக்சில் இருந்து படம் காணாமல் போனது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஏமாற்றுப் பேர்வழிகள்

கூட்டம் சேரும் இடத்தில் ஜேப்படிக்காரனும் இருப்பான். 'உங்கள் சந்தா முடிந்துவிட்டது, உடனே இதை அழுத்துங்கள்' என்று வரும் செய்தியை அழுத்தினால் அசலைப் போலவே ஒரு பக்கம் திறக்கும். கார்டு எண்ணைக் கொடுத்தால் கணக்கே காலி. செய்தியில் வரும் இணைப்பைத் தொடவே கூடாது. ஆப்பைத் திறந்து அதற்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

பணம் பிடித்தம் ஆகிவிட்ட ஆத்திரத்தில் 'கஸ்டமர் கேர்' எண்ணை இணையத்தில் தேடுகிறவர்களுக்கு என்றே போலி எண்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். பேச்சு இனிக்கும். 'பணத்தைத் திருப்பித் தர ஒரு ஆப்பை இறக்குங்கள்' என்பான். இறக்கினால் செல்போன் அவன் கையில்!

எல்லா ஓ.டி.டி.யும் வருஷத்துக்கு நூறு ரூபாய் என்று டெலிகிராமில் கூவி விற்பவர்களும் இந்த ரகம்தான். பணம் போனால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

காசே வேண்டாம், திருட்டுப் படம் போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். 2023-ல் திருத்தப்பட்ட சினிமா சட்டப்படி, திருட்டுத்தனமாகப் படத்தைப் பதிவு செய்பவர்களுக்கும் பரப்புபவர்களுக்கும் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு ஜெயில். அபராதம் ரூ.3 லட்சத்தில் இருந்து ஆரம்பம்.

பெரம்பூர் வீட்டில்...

பஞ்சாயத்தின் தீர்ப்பு அன்று ராத்திரியே அமலுக்கு வந்தது. பிராட்பேண்டில் இலவசமாக வருவது ஒன்று இருந்தது. மற்ற மூன்றும் ரத்து. தவணை போகும் கணக்கில் ஆட்டோபே கிடையாது. சந்தாவுக்கு என்று தனியாக ஒரு கணக்கு, அதில் மாதம் ரூ.200-க்கு மேல் போடுவது இல்லை.

சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில், சந்தா முடியும் தேதிக்கு 3 நாள் முன்பு சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார் குமாஸ்தா. அந்தத் தாளைக் கிழிக்கிறவர் ரத்து செய்ய வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

இந்த மாதம் மகளின் முறை. அடுத்த மாதம் கிரிக்கெட் வருகிறது என்று மகன் இப்போதே மனு போட்டுவிட்டான். "முதல்ல அரியர்ஸ் பேப்பரை முடி, அப்புறம் பார்க்கலாம்" என்று மனு நிலுவையில் வைக்கப்பட்டிருக்கிறது.

சாயங்காலம் சீரியல் நேரத்தில் யாரும் ஓ.டி.டி. பக்கம் போக முடியாது. ரிமோட் பாட்டியின் மடியில்.